அண்ணல் கற்பித்த வணிகவியல்

நம் சங்கத்தின் மாலை வகுப்பில், கல்லூரியில் வணிகவியல் பயிலும் மாணவர்க்குக் கணக்குப் பதிவியலிலும் வரியியலிலும் பொருளியலிலும் எழும் ஐயங்களைத் தீர்த்துவருகின்றோம். "எழுத்தறிவித்தால் போதாதா? பற்றும் வரவும் நமக்கு எதற்கு?" என்று நம்மவருள்ளேயே சிலர் வினவியதுண்டு. அதற்கு விடையை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

தமிழகத்துச் சிற்றூர்களில் நிலவரிக் கணக்கு நெடுங்காலம் கர்ணத்தின் கையில் இருந்தது. தந்தைக்குப் பின் மைந்தன் என அப்பதவி வழிவழியாய் வந்தது. வசூலான கிஸ்திப் பணத்தைச் சுமந்து சென்றவர் நம் வெட்டியார்; அது எவ்வளவு என்று எழுதி வைத்தவர் வேறொருவர். எந்த நிலம் எவர் பெயரில் உள்ளது, எவர் எவ்வளவு பாக்கி என்பனவெல்லாம் நம்மவர் பார்க்க இயலாத ஏட்டிற்குள் அடங்கிக் கிடந்தன. அக்கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது 1980 நவம்பரில்தான்.

இந்நிலையிலும் கணக்கேட்டைக் கைப்பற்றியோர் நம்மிடையே தோன்றினர். 1893 இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார், அதற்கு முன் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராய்ப் பணியாற்றியவர். 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் சென்றவர் இருவர்; ஒருவர் இவர், மற்றவர் அண்ணல் அம்பேத்கர். ஒருவர் கணக்கர், மற்றவர் வணிகக் கல்லூரிப் பேராசிரியராய் இருந்தவர். இப்பொருத்தத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

அண்ணலைச் சட்ட மேதை என்றே பெரிதும் போற்றுகின்றோம். அவர் முதலில் பொருளியலறிஞர். 1915 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகமும் நிதியும். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவர் நூல் 1923 இலும், மாகாண நிதியின் வளர்ச்சியைப் பற்றிய நூல் 1925 இலும் வெளிவந்தன.

இத்தகைய கல்வியோடு 1917 இல் தாயகம் திரும்பியவருக்குப் பரோடாவில் நிலையாய்த் தங்குவதற்கு ஓர் இடம் கிட்டவில்லை. பம்பாய்க்கு மீண்டு, மாணவர் இருவருக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழிலையும் தொடங்கினார். ஆலோசனை நன்றாகவே இருந்தது; கூறுபவர் எச்சாதியினர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியற் பொருளியல் பேராசிரியரானார். முதலில் அவரைப் பொருட்படுத்தாத மாணவர்கள் விரைவில் அவர்பால் ஈர்க்கப்பட்டனர். பிற கல்லூரி மாணவர்களும் இசைவு பெற்று வந்து கேட்டனர். ஆனால் ஆசிரியர்க்கென வைத்த பானையிலிருந்து அவர் நீர் பருகலாகாது என்று உடனிருந்த பேராசிரியர் சிலர் தடை கூறினர். நாணய மாற்றை அவரிடம் கேட்டுத் தெளியலாமாம், தண்ணீரை மட்டும் பகிரலாகாதாம்! 1920 மார்ச்சில் அப்பணியை விட்டு, மேற்படிப்பிற்காக மீண்டும் இலண்டன் சென்றார். பாரிஸ்டராய்த் திரும்பிய பின்னும் கற்பித்தலைக் கைவிடவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் போதித்தார்.

அந்த ஆசிரியரின் தெளிவு சட்டமன்றத்திலும் ஒலித்தது. 1927 பிப்ரவரியில் பம்பாய் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசுகையில், ஆண்டில் வருமானம் இல்லாதவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை, உழவனோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலவரி கட்டியே தீரவேண்டும் என்னும் அநீதியை எடுத்துரைத்தார். வரியியலில் இதனினும் எளிய முதற்பாடத்தை நாம் கண்டதில்லை. 1945 இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், 1953 இல் பம்பாயில் சித்தார்த்த வணிகவியல், பொருளியல் கல்லூரியைத் தொடங்கியது.

இனி நம் வகுப்பிற்கு வருவோம். ஒருநாள் மாலை ஒரு மாணவன் பாடநூலை விரிக்காமல், தன் தந்தை கைந்நாட்டு வைத்த புரோநோட்டின் படியை விரித்தான். கடன் 1,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி, நான்காண்டுகள் கழிந்திருந்தன. கடன் கொடுத்தவர் கேட்டது 3,421 ரூபாய். அன்று இருப்பாய்வுப் பாடத்தை ஒதுக்கிவைத்து, வகுப்பு முழுவதும் அத்தாளையே கணக்கிட்டது. தனிவட்டி 1,440, முதலோடு சேர்த்து 2,440. ஆண்டுதோறும் வட்டியை முதலோடு கூட்டினால்தான் 3,421 வரும். வட்டிக்கு வட்டி என்ற சொல் தாளில் எங்கும் இல்லை. வேறுபாடு 981 ரூபாய். மாணவர்கள் அக்கணக்கை இரு படிகள் எழுதினர். மறுநாட்காலை அவன் தந்தை ஒரு படியை மடியில் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் வீட்டிற்குப் புறப்பட்டார். கூட்டலைப் படித்துக்காட்ட மகனும் உடன் சென்றான்.