கடத்தல்

‘கட’ தன்வினை, ‘கடத்து’ பிறவினை: கடக்கச் செய்தல். மின்சாரத்தைக் கடத்தும் செம்பிலோ, சும்மா காலம் கடத்துவதிலோ குற்றவாடை இல்லை (பின்னதில் கொஞ்சம் உண்டு). வேதாரண்யம், கோடியக்கரைச் செய்திகளிலோ சொல் தன் மூலப்பொருளுக்கே திரும்பிவிடுகிறது: சரக்கு பாக் நீரிணையைக் கடக்க வேண்டும். தங்கம் இக்கரைக்கு, பீடியிலையும் கஞ்சாவும் அக்கரைக்கு.

‘கஞ்சா’ வடமொழிவழி வந்த பெயர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி மட்டுமே. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. யாழ்ப்பாணக் கரையில் பிடிபட்டால் இலங்கைச் செய்தித்தாள்களில் அதன் பெயர் ‘கேரளக் கஞ்சா’. ஆந்திர மலையில் விளைந்து, நாகை மாவட்டக் கரையில் படகேறியிருந்தாலும் பெயர் என்னவோ கேரளத்துக்குத்தான்.