ஆரோக்கியம் என்றொரு பெயர்

மாதா திருவிழா நாளான செப்டம்பர் 8 நெருங்கினால் பெங்களூரு சிவாஜிநகரில் வழி விசாரிக்க வேண்டியதில்லை. ‘ஆரோக்கிய மாதா கோயில்’ என்றால் எந்த மதத்து ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். ஆனால் தொடக்கத்தில் அதற்கு அந்தப் பெயர் இல்லை. செஞ்சிப் பக்கமிருந்து குடியேறிய தமிழர்களுக்காக 1818இல் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா எழுப்பிய சிற்றாலயம் ‘காணிக்கை மாதா’வுக்கு உரியது. இன்றுள்ள கட்டடம் 1882இல் எழுந்தது. 1974இல் அது பசிலிக்கா ஆயிற்று.

ஆரோக்கியம் வேளாங்கண்ணி மாதாவின் பெயர். போர்த்துகீசிய வழக்கில் அவள் ‘சவூதே’ மாதா. சவூதேயின் வேர் லத்தீன் ‘சாலுஸ்’. உடல்நலம், ஆன்ம மீட்பு இரண்டையும் அந்த ஒரு சொல்லே சுமந்தது. தமிழில் சுமை பிரிந்துவிட்டது. மீட்புக்கு ‘இரட்சணியம்’, உடலுக்கு வடமொழி ‘ஆரோக்கியம்’, அதாவது ரோகம் இல்லாத நிலை. இதை இழப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு லாபமாகவே படுகிறது. நோய் போயிற்று என்பதோடு பெயர் நின்றுகொள்கிறது. போக்கியது யார், எப்படி என்ற வழக்குக்குள் அது போவதில்லை.

அந்த வழக்கை இழுத்துவரும் சொல் வேறு. தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் ‘புதுமை’ என்பார்கள். புராட்டஸ்டண்டுகளுக்கு அது பெரும்பாலும் ‘அற்புதம்’. ‘மாதா புதுமை செய்தாள்’ என்று யாராவது சொன்னவுடன் சந்தேகமும் கூடவே வந்துவிடும். சந்தேகம் நாத்திகரின் தனிச்சொத்தும் அல்ல. பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் குணமடைந்ததாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கு மேல். 1858 முதல் இன்றுவரை திருச்சபை புதுமை என்று ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். மருத்துவர்கள் ‘எங்களால் விளக்க முடியவில்லை’ என்று கைவிரித்த பிறகுதான் ஆயர் வாய் திறப்பார். பகுத்தறிவாளர்கூட இவ்வளவு கறாராக இருப்பாரா, தெரியாது.

துபுவாவும் எளிதில் நம்பிவிடும் ஆசாமியல்ல. இந்தியாவில் மதமாற்றம் கைகூடாது என்று 1823இல் புத்தகமே போட்டவர். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, மைசூர்ச் சீமையில் 25,000 பேருக்கு மேல் அம்மை குத்தும் பணியை நடத்தியிருக்கிறார். தாய்க்கும் கொள்ளைநோய்க்கும் ‘அம்மை’ என்று ஒரே பெயர் வைத்திருந்த தமிழர்களுக்கு, மாதாவின் பாதிரியாரே அம்மை குத்த வந்ததில் முரண் எதுவும் தோன்றியிருக்காது.

பெயரின் கடைசித் திருப்பத்தைக் கன்னடம் செய்தது. தமிழ்நாட்டில் ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ என்பது இங்கே ‘பிராத்தமிக ஆரோக்ய கேந்திர’. மாதாவின் பெயரிலும் அரசாங்கப் பலகையிலும் ஒரே சொல். நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு ஆரோக்கியசாமி என்று பெயர் வைக்கும் சிவாஜிநகர்க்காரர், அவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலிருக்கும் பவுரிங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மெழுகுவர்த்தி ஏற்றுவது வரும் வழியில்.