டி செல் வளர்ச்சியில் இணைப்புப் புரதங்கள்

நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி பெறும் சமிக்ஞையை உள்ளே கொண்டுசேர்க்கும் புரதங்களில் ஒரு வகை, இணைப்புப் புரதங்கள். இவற்றுக்கு நொதியாற்றல் கிடையாது. பிற புரதங்களைப் பிடித்து அருகருகே நிறுத்துவதே இவற்றின் வேலை. ஆயினும் லாட், எஸ்எல்பி-76 என்னும் இரு இணைப்புப் புரதங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் டி செல் வளர்ச்சி நின்றுவிடும்.

வரலாறு

பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு நோயெதிர்ப்பாற்றல் குன்றுவதை 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் காட்டினார். டி செல்கள் அச்சுரப்பியிலேயே முதிர்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1992இல் ஆர்தர் வைஸ் குழுவினர், டி செல் ஏற்பியின் சமிக்ஞையைக் கடத்தும் ஸாப்-70 என்னும் நொதியை அடையாளம் கண்டனர். 1995இல் கேரி கோரெட்ஸ்கி குழுவினர் எஸ்எல்பி-76 புரதத்தையும், 1998இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வெய்குவோ ஜாங், லாரன்ஸ் சாமெல்சன் ஆகியோர் லாட் புரதத்தையும் கண்டறிந்தனர்.

செயல்பாடு

ஏற்பி தூண்டப்பட்டதும் ஸாப்-70, லாட்டின் டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே காட்ஸ் என்னும் மற்றொரு இணைப்புப் புரதம் எஸ்எல்பி-76ஐ அழைத்துவந்து லாட்டுடன் சேர்க்கிறது. ஆற்றுநீரைப் பல வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடும் தலைப்பைப் போல, இக்கூட்டு ஒரே சமிக்ஞையைக் கால்சியம் வழி, ராஸ் வழி எனப் பிரித்து அனுப்புகிறது.

1998இல் எஸ்எல்பி-76 இல்லாத எலிகளிலும், 1999இல் லாட் இல்லாத எலிகளிலும், தைமஸ் செல்கள் சிடி4, சிடி8 என்னும் மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் பெறுமுன்பே தேங்கி நின்றன. பி செல்கள் வழக்கம்போல் வளர்ந்தன. லாட்டின் ஒரே ஒரு டைரோசினை மாற்றியபோதோ, டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது 2002இல் தெரியவந்தது. வளர்ச்சியைத் தூண்டும் புரதமே அதற்குக் கடிவாளமாகவும் இருக்கிறது.

மனித நோய்

லாட் மரபணுப் பிறழ்வுள்ள குடும்பங்கள் 2016 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாயின. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்பிறழ்வால் வரும் நோயெதிர்ப்புக் குறைபாடு தோன்றும். உறவினர் இருவர் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம்; ஆகவே மாமன் மகள், அக்காள் மகள் என உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் நீடிக்கும் குடவாசல் போன்ற காவிரிப் படுகை ஊர்களுக்கும் இவ்வறிவு தேவை. இத்தகைய கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு நிலையான தீர்வு குருத்தணு மாற்றுச் சிகிச்சை; இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில் இக்குறைபாடும் இடம்பெற்றுள்ளது. உயிருள்ள கிருமியாலான பிசிஜி தடுப்பூசி இக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆபத்தானது. குடும்பத்தில் கைக்குழந்தைகள் தொடர் தொற்றால் இறந்திருந்தால், பிறந்த குழந்தைக்கு அத்தடுப்பூசி போடுமுன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.