படையெடுப்பு எது? குடியேற்றம் எது?

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தார். நாம் பேராசிரியர் அல்லேம். பத்தாம் வகுப்பில் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குப் பதிவேடு எழுதிவரும் ஓர் எழுத்தரே. எனினும், சில திங்களுக்கு முன் பாறசாலைச் சந்தையில் காதில் விழுந்த ஒரு சொல் நம்மை எழுதத் தூண்டியது. நம் குடியிருப்பினர் நால்வர் தமிழில் உரையாடிக்கொண்டே காய்கறி வாங்கக் கண்ட ஒருவர், “பாண்டிப்படை வந்துவிட்டது” என்று மலையாளத்தில் நகைத்தார். பகையோடு சொன்னாரல்லர், விளையாட்டாகவே சொன்னார். நாமும் நகைத்துவிட்டு வந்தோம். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் ‘படை’ என்னும் அச்சொல் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பிழைப்பு நாடி வந்த நாம் படையா? படையெடுப்பு என்பதுதான் யாது? இவ்வினாவுக்கு நாம் வாழும் எல்லைச் சிற்றூர்களே விடை கூறக் காண்கிறோம்.

மன்னர் சென்ற வழி

நெய்யாற்றின்கரை வட்டம் படைகளின் காலடி படாத மண் அன்று. இவ்வட்டத்தின் கடற்கரையில் உள்ள விழிஞம் ஆய் மன்னரின் துறைமுகமாய் விளங்கியது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் வேணாட்டரசனை வென்று, கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தை அழித்தான் என அவனுடைய செப்பேடு பெருமையோடு கூறுகிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என அவன் மெய்க்கீர்த்தி முழங்குகிறது. அச்சாலை எவ்வூரில் இருந்தது, கலமறுத்தல் என்பதன் பொருள் யாது என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். சோழப் படை இத்தென்கோடிக்கு வந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பள்ளியில் இவற்றைப் படித்தபோது நம் மார்பு விரிந்தது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் படை கடல் கடந்து சென்றதைக் ‘கடாரம் கொண்டான்’ என்று போற்றினோம். 1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்ததைப் ‘படையெடுப்பு’ என்று பழித்தோம். நம் படை சென்றால் வெற்றி. பிறர் படை வந்தால் படையெடுப்பு! விழிஞத்தில் வீடிழந்து நின்ற ஒரு தாயிடம் கேட்டிருந்தால், பாண்டியன் செயலுக்கு அவள் என்ன பெயர் இட்டிருப்பாள்? மேற்கிலிருந்து கிழக்கே படை சென்றதும் உண்டு. மாலிக் காபூர் திரும்பிய சில ஆண்டுகளில் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் பாண்டி நாட்டைக் கடந்து காஞ்சி வரை சென்றான். அங்கே அவனுடைய கல்வெட்டு உள்ளது. ஆகவே, இவ்வழக்கில் ஒரு சாராரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது.

நிலம் கொண்ட மன்னர் அனைவரும் பறித்தே கொண்டனரா எனில், இல்லை. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் 866இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில் பார்த்திவசேகரபுரம் என்னும் கோயிலையும் 95 மாணாக்கர் தங்கிக் கற்பதற்கு ஒரு சாலையையும் நிறுவினான். அதற்கு வேண்டிய நிலம் முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. படையுடைய மன்னன் அதனைப் பறிக்கவில்லை. வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்டான் எனச் செப்பேடு சாற்றுகிறது. அழித்ததைச் சொல்லும் செப்பேடும் உண்டு. கொடுத்துப் பெற்றதைச் சொல்லும் செப்பேடும் உண்டு. இரண்டாவதை நாம் நம் மக்களுக்கு எத்துணை முறை படித்துக் காட்டியிருக்கிறோம்?

பகைவனாய் வந்தவன் இந்நாட்டவனாய் மாறிய கதையும் அருகிலேயே உள்ளது. 1741இல் குளச்சலில் இறங்கிய டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்பார், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்து, ‘வலிய கப்பித்தான்’ என்னும் பெயர் பெற்று, 1777இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அவர் கல்லறையில் இலத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

இயற்கை கற்பிக்கும் பாடம்

மன்னரை விட்டு, நம் வீட்டுக் கொல்லைக்கு வருவோம். கேரளத்து நீர்நிலைகளில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்றொரு மிதவைப் பாசி பரவி, வயலையும் வாய்க்காலையும் போர்வைபோல் மூடியது. ஒளி புகாமல், காற்றுப் புகாமல், அடியிலுள்ள உயிர்கள் மாண்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: அதன் தாயகம் ஆப்பிரிக்கா அன்று, தென்னமெரிக்காவின் பிரேசில் நாடு. வந்தது எங்கிருந்து என்று அறியுமுன்பே ஒரு நாட்டின் தலையில் பழியைச் சுமத்திவிட்டோம்! 1980களில், அதன் தாயகத்தில் அதனைத் தின்று வாழும் சிறு வண்டினத்தைக் கொணர்ந்து விட்ட பின்னரே அது பெரிதும் அடங்கியது.

மற்றொன்று, மரங்களின்மேல் படர்ந்து மூடும் ஒரு வெப்பமண்டல அமெரிக்கக் கொடி. மலையாள மக்கள் அதற்குத் ‘திருதராட்டிரப் பச்சை’ என்று பெயர் சூட்டியுள்ளனர். பாரதப் போர் முடிந்தபின், வீமனைத் தழுவுவதாய்க் கருதி இரும்புப் பதுமையை நொறுக்கிய கண்ணில்லா வேந்தன் கதையை அறிவோம். தழுவியே கொல்லும் கொடிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இனி மரச்சீனியை நோக்குவோம். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைப் பயிரிட மக்களை ஊக்கினார். 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டு, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, இந்நாட்டு ஏழை மக்களின் உயிரைத் தாங்கியது இம்மரச்சீனியே. இன்று அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் இல்லாத எல்லைச் சிற்றூர் உண்டோ? பாயலும் வந்தது; கொடியும் வந்தது; மரச்சீனியும் வந்தது. மூன்றும் அயல்நாட்டவையே. முன்னிரண்டும் இருந்தவற்றின் இடத்தை மூடின. மூன்றாவது இருந்தவர்களின் பசியை ஆற்றியது. ஆதலின், வந்தது என்பதொன்றே குற்றமாகாது. வந்த பின் செய்தது யாது என்பதே கேள்வி.

தறியோடு வந்தோர்

இக்கேள்வியை மக்களிடத்தில் வைத்துப் பார்க்கப் பாலராமபுரம் வரை சென்றால் போதும். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மர் காலத்தில், உம்மிணித் தம்பி முன்னின்று, தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து அங்கே குடியேற்றினார். அரசர் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. அவர்கள் வாளோடு வந்தாரல்லர், தறியோடு வந்தனர். குழித்தறியில் கால் வைத்து அவர்கள் நெய்த கசவு வேட்டியும் புடைவையும் இன்று மலையாள நாட்டின் அடையாளமாகவே திகழ்கின்றன. திருவோண நாளில் மலையாள மங்கையர் பெருமையோடு உடுக்கும் ஆடையில், தமிழ்க் குடியொன்றின் கைவண்ணம் இழையோடியிருக்கிறது. இவர்களைப் ‘பாண்டிப்படை’ என எவரேனும் கூறுவரோ?

எல்லைக் கோடும் அண்டை வீடும்

எல்லை பற்றியும் சிறிது கூறல் வேண்டும். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு மாநிலம், அப்பால் ஒரு மாநிலம் என்றாயிற்று. 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் - நாகர்கோவில் இருப்புப்பாதையில், பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே வண்டி அக்கோட்டைக் கடக்கிறது. அமர்ந்திருக்கும் பயணி அதனை உணர்வதே இல்லை; நிலையப் பலகையின் எழுத்து மாறக் கண்ட பின்னரே அறிகிறார். 2020இல் கொள்ளைநோய் பரவி எல்லை அடைபட்டபோதுதான், இப்பால் பெண்ணைக் கொடுத்து அப்பால் பெண்ணை எடுத்தவர்கள் அக்கோட்டின் வன்மையை உணர்ந்தனர். கண்ணுக்குத் தெரியாத அக்கிருமிக்கோ எல்லையும் இல்லை, மொழியும் இல்லை.

இறுதியாக, நம் குறையொன்றை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று. சென்ற ஆண்டு விழாவில் நாம் கட்டிய ஒலிபெருக்கி நள்ளிரவு கடந்தும் முழங்கியது. பட்டிமன்றமும் பாட்டும் சிறப்பாகவே நடைபெற்றன. மறுநாட் காலையில், மதிலுக்கு அப்பாலுள்ள மலையாளப் பெரியவரைக் கண்டோம். “விழா நன்றாக நடந்ததா?” என்று அன்போடு வினவினார். அவருடைய பெயர்த்திக்கு அன்று காலை தேர்வு என்பதும், இரவு முழுதும் அப்பெண் கண்ணயரவில்லை என்பதும் பின்னரே பிறர் வாயிலாக நமக்குத் தெரியவந்தன. அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நம்மைச் சுட்டது. ஆளும் ஆயுதமும் இன்றி, ஒலியால் மட்டுமே ஒரு வீட்டினுள் நாம் படையெடுத்துச் சென்றிருந்தோம்!

சந்தையில் கேட்ட சொல்லுக்கு நாம் காணும் விடை இதுவே. இடம் பெயர்ந்து வருதல் உயிர்க்கெல்லாம் இயல்பு. அது படையெடுப்பு அன்று. இருப்பவர்க்கு இடமில்லாமற் செய்தலே படையெடுப்பு. அதனை மன்னன் செய்யினும், பாசி செய்யினும், தமிழ்ச் சங்கம் செய்யினும் பெயர் ஒன்றே. பெற்ற இடத்துக்கு ஈடாக எதையேனும் கொடுத்து வாழ்தலே குடியேற்றம். கருநந்தடக்கன் நிலம் கொடுத்தான். சாலியர் ஆடை கொடுத்தனர். நாம் கொடுப்பது யாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்த்தல் நன்று.

முதற்படியாக, இவ்வாண்டு விழாவில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடவும், அண்டை வீட்டாரை நேரிற் சென்று அழைத்து முன்வரிசையில் அமர்த்தவும் சங்கத்தாரை வேண்டுகிறோம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழைப் பிழையறக் கற்பதோடு, பள்ளியில் மலையாளத்தையும் மனமுவந்து கற்கட்டும். அந்தப் பெரியவரின் வீட்டுக்கு முதல் அழைப்பிதழை நாமே கொண்டுசெல்லக் கருதியுள்ளோம்.

வாழ்க தமிழ்! வளர்க அண்டை அயலார் நட்பு!