கேடிஎல்ஏ: லாஸ் ஏஞ்சலிஸின் ஐந்தாம் அலைவரிசை

கேடிஎல்ஏ, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து ஐந்தாம் எண் அலைவரிசையில் இயங்கும் தொலைக்காட்சி நிலையம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வணிக உரிமத்துடன் ஒளிபரப்பைத் தொடங்கிய முதல் நிலையம் இதுதான். தொடங்கிய நாள் 1947 ஜனவரி 22. என்பிசி, சிபிஎஸ், ஏபிசி ஆகிய பெரிய தேசிய நிறுவனங்கள் எதனோடும் சேராமல் இது பல பத்தாண்டுகள் தனித்து நின்றது. நியூயார்க்கிலிருந்து வரும் ஆயத்த நிகழ்ச்சிகள் இதற்கு இல்லை. மாலை நேரத்தை நிரப்ப வேண்டுமானால் ஊருக்குள் நடப்பதைத் தேடிப் போய்க் காட்டித்தான் ஆகவேண்டும். அந்த இல்லாமையே இந்த நிலையத்தை உள்ளூர்ச் செய்தியின் முன்னோடியாக்கியது. இதன் வரலாறு பெரும்பாலும், கேமராவை நிகழ்விடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பொறியாளர்கள் பட்ட பாட்டின் வரலாறு.

தொடக்கம்

நிலையத்தின் வேர் பாரமவுண்ட் படநிறுவனத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி தன் தொழிலை விழுங்கிவிடுமோ என்று ஹாலிவுட் அஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், பாரமவுண்ட் அதற்குள் ஒரு கால் வைத்துப் பார்க்க முடிவு செய்தது. 1942இல் டபிள்யூ6எக்ஸ்ஒய்இசட் என்ற பெயரில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர் கிளாவ்ஸ் லாண்ட்ஸ்பெர்க். பெர்லினில் பிறந்தவர், 1936 ஒலிம்பிக் போட்டிகளின் தொலைக்காட்சி ஒளிபரப்பில் வேலை செய்த இளம் பொறியாளர், பின்னர் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா வந்தவர். நிலையத்தின் மேலாளர், தலைமைப் பொறியாளர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆகிய எல்லா வேலைகளையும் அவரே பார்த்தார். 1956இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 40. அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அவர் செய்த வேலைக்குப் போதாது.

தொடக்க நாளில் பாப் ஹோப் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அப்போது அந்த வட்டாரத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் சில நூறுதான். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 20 அன்று, நகரின் மையப் பகுதியில் உலோக முலாம் பூசும் ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. லாண்ட்ஸ்பெர்க்கின் குழு கேமராவோடு அங்கே போய் இடிபாடுகளை நேரலையில் காட்டியது. ஸ்டுடியோவுக்குள் பாட்டும் நாடகமும் காட்டவே தொலைக்காட்சி என்று பலர் கருதியிருந்த நாட்களில் நடந்தது இது.

சான் மரினோ கிணறு

1949 ஏப்ரல் 8 மாலை, சான் மரினோ என்ற சிற்றூரில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் கேத்தி ஃபிஸ்கஸ், கைவிடப்பட்ட குறுகிய நீர்க்கிணற்றுக் குழாய்க்குள் விழுந்தாள். பக்கத்திலேயே இணையாகக் குழி தோண்டிக் குழந்தையை எட்டும் முயற்சி தொடங்கியது. ஸ்டான் சேம்பர்ஸ், பில் வெல்ஷ் என்ற இரு செய்தியாளர்கள் கேமராவுக்கு முன் நின்று விடாமல் பேசினார்கள். கேடிஎல்ஏ வழக்கமான நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் நிறுத்திவிட்டு ஏறத்தாழ 27 மணி நேரம் அந்த வயல்வெளியை மட்டுமே காட்டியது. பெட்டி வைத்திருந்த வீடுகளில் தெருவே கூடியது. ஞாயிறு இரவு, குழந்தை உயிரோடு இல்லை என்று மருத்துவர் அறிவித்தார்.

இதை வாசிக்கும் தமிழ் வாசகருக்கு மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி நினைவுக்கு வராமல் இராது. 2019 அக்டோபரில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காகத் தமிழகம் நான்கு நாட்கள் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. அங்கும் இணைக் குழி, அங்கும் இரவெல்லாம் நேரலை, அங்கும் அதே முடிவு. முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக ஒரு மாநிலமே அழுததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெற்றோரின் துயரம் எப்போது செய்தியாக இருந்தது, எப்போது காட்சிப்பொருளானது என்ற கேள்வி சான் மரினோவிலேயே பிறந்துவிட்டது. எந்த நிலையமும் அதற்கு இன்னும் நேர்மையான விடை சொல்லவில்லை.

மலையுச்சிகளும் ஹெலிகாப்டரும்

1952 ஏப்ரல் 22 அன்று நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையை நாடு முழுவதும் நேரலையில் காட்டும் பொறுப்பை கேடிஎல்ஏ ஏற்றது. குறுகிய அவகாசத்தில் முடியாது என்று தொலைபேசி நிறுவனம் ஒதுங்கிய வேலை அது. மலையுச்சி மலையுச்சியாக நுண்ணலைக் கருவிகளை வைத்து, பாலைவனத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேலே நிற்கும் மவுண்ட் வில்சன் வரை படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். படம் இடையிடையே விட்டுப்போனது. ஆனாலும், அணுகுண்டு வெடிப்பதை நாடு முழுவதும் அமெரிக்கர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் முறை.

ஆறு ஆண்டுகள் கழித்து ஜான் சில்வா என்ற தலைமைப் பொறியாளர், மலைக்குப் பதிலாக ஹெலிகாப்டரைப் பயன்படுத்த நினைத்தார். ஒரு டன் எடையுள்ள ஒளிபரப்புக் கருவிகளைச் சிறிய பெல் ரக ஹெலிகாப்டர் தூக்காது. அலுமினியச் சட்டங்கள், சிறிய கேமரா, தாமே வடிவமைத்த பாகங்கள் என்று எடையைச் சில நூறு பவுண்டுகளுக்குக் குறைத்தார். 1958 ஜூலை 3 அன்று முதல் சோதனைப் பறப்பில் மவுண்ட் வில்சனுக்குப் படமே வந்து சேரவில்லை. சில்வா பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியே இறங்கி, கீழ்ச்சட்டத்தில் நின்றபடி கருவிப் பெட்டியைச் சோதித்தார். வெப்பமும் அதிர்வும் ஒரு வால்வைக் கெடுத்திருந்தன. இரவோடு இரவாகச் சரிசெய்து மறுநாள் மீண்டும் பறந்தார்கள், படம் வந்தது. ‘டெலிகாப்டர்’ என்று பெயரிடப்பட்ட அதுவே உலகின் முதல் தொலைக்காட்சிச் செய்தி ஹெலிகாப்டர்.

1963 டிசம்பர் 14 அன்று பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தின் கரை உடைந்தபோது டெலிகாப்டர் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. விரிசல் அகல்வதையும், கரை பிளப்பதையும், வெள்ளம் வீடுகளை அடித்துப்போவதையும் மக்கள் அந்தந்த நொடியில் கண்டார்கள். காவல்துறை முன்கூட்டியே மக்களை வெளியேற்றியிருந்தபோதும் ஐந்து பேர் இறந்தார்கள். 270க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

1965 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் அன்று பெரும்பான்மையாக வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு 34 உயிர்கள் போனபோது அதே ஹெலிகாப்டர் மணிக்கணக்கில் மேலே நின்றது. அந்தச் செய்திப்பணிக்கு ஒளிபரப்புத் துறைக்கான பீபாடி விருது கிடைத்தது. படங்களே தீயைப் பரப்பின என்ற குற்றச்சாட்டும் வந்தது. மேலிருந்து புகையும் ஓடும் மனிதர்களும் தெரிந்தன. வேலையின்மையும் காவல்துறை மீது பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கோபமும் தெரியவில்லை. அந்தப் பகுதிக்குள் நடந்துபோய்ப் பேசக்கூடிய செய்தியாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் செய்தி நிறுவனங்களில் அன்று அரிதினும் அரிது. அந்தக் குறையை எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

உரிமையாளர்களும் நிகழ்ச்சிகளும்

பாரமவுண்டிடமிருந்து 1964இல் நிலையத்தை 1.2 கோடி டாலருக்கு வாங்கியவர், ‘பாடும் கௌபாய்’ எனப் புகழ்பெற்ற நடிகர் ஜீன் ஆட்ரி. 1980களின் தொடக்கத்தில் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும், 1985இல் 51 கோடி டாலருக்கு ட்ரிப்யூன் நிறுவனத்துக்கும் கைமாறியது. 51 கோடி என்பது ஒற்றை நிலையத்துக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. 1995இல் டபிள்யூபி, 2006இல் சிடபிள்யூ என்ற தேசிய அலைவரிசைகளின் நிகழ்ச்சிகளை ஏற்றுக்கொண்டது. 2019 முதல் நெக்ஸ்டார் குழுமத்தின் உடைமை.

முதல் பத்தாண்டுகளில் மல்யுத்தம், ஸ்பேட் கூலியின் நாட்டுப்புற நடன இசை, பாப் கிளாம்பெட்டின் ‘டைம் ஃபார் பீனி’ பொம்மலாட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். லாரன்ஸ் வெல்க் இசைக்குழு நாடறியும் முன்பே, 1951இல், இந்த நிலையத்தில்தான் வாசிக்கத் தொடங்கியது. பசடீனாவில் ஒவ்வொரு புத்தாண்டிலும் நடக்கும் ரோஜா ஊர்வலத்தை 1940களின் இறுதியிலிருந்து காட்டிவருகிறது. பாப் யூபாங்க்ஸும் ஸ்டெஃபனி எட்வர்ட்ஸும் பல ஆண்டுகள் அதைத் தொகுத்து வழங்கினார்கள்.

ஆனாலும் நிலையத்தின் முதுகெலும்பு இரவு 10 மணிச் செய்தி. போட்டி நிலையங்கள் 11 மணிக்குச் செய்தி சொன்னபோது, சீக்கிரம் உறங்கப்போகும் உழைப்பாளிகளை இது ஒரு மணி நேரம் முன்னதாகவே பிடித்தது. 1975 முதல், இறந்த ஆண்டான 2007 வரை அதை வாசித்தவர் ஹால் ஃபிஷ்மேன். முன்னாள் அரசியல் அறிவியல் பேராசிரியர், விமானமோட்டி. அலங்காரமில்லாத அவர் வாசிப்பில் ஓர் ஆசிரியரின் பொறுமை இருந்தது. சான் மரினோவில் நின்ற ஸ்டான் சேம்பர்ஸோ 1947 டிசம்பரில் சேர்ந்து, தம் 87ஆவது பிறந்தநாளான 2010 ஆகஸ்ட் 11 வரை அதே நிலையத்துக்குச் செய்தி சேகரித்தார்.

1991

அந்த ஆண்டு மார்ச் 3 நள்ளிரவுக்குப் பிறகு, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் தடியால் அடிப்பதைத் தம் வீட்டு மாடத்திலிருந்து ஒருவர் கைக்கேமராவில் பதிவு செய்தார். காவல் நிலையத்தைக் கேட்டும் அவருக்கு விவரம் கிடைக்கவில்லை. நாடாவைக் கேடிஎல்ஏவிடம் கொண்டுபோனார். மறுநாள் இரவு 10 மணிச் செய்தியில் சேம்பர்ஸின் செய்தியாக அது வெளியானது. அடுத்த சில நாட்களில் உலகமே பார்த்துவிட்டது. ஹெலிகாப்டரும் நுண்ணலையும் கட்டி நிகழ்விடத்தை எட்டப் போராடிய நிலையத்துக்கு, அதன் வரலாற்றிலேயே பெரிய செய்தியைக் கொண்டுவந்தவர் பார்வையாளர் ஒருவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று அந்தக் காவலர்களைத் தண்டிக்க நடுவர் குழு மறுத்ததும் நகரம் மீண்டும் எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே 1991 ஜூலையில் காலைச் செய்தி தொடங்கியது. விறைப்பாகத் தொடங்கி, மெல்ல மெல்லச் செய்தியாளர்கள் தமக்குள் பேசிச் சிரிக்கும் நிகழ்ச்சியாக மாறி, தேசிய அலைவரிசைகளின் காலை நிகழ்ச்சிகளை இந்த ஊரில் முந்தியது. திரைப்படச் செய்திகளைச் சொன்ன சாம் ரூபின் தொடக்கக் காலத்திலிருந்து 2024இல் இறக்கும் வரை அதில் இருந்தார். போக்குவரத்து நெரிசல், வானிலை, காட்டுத்தீ, நிலநடுக்கம் ஆகியவையே இதன் அன்றாடம். 2014 மார்ச் 17 காலை நேரலையின்போதே நிலம் அதிர, வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மேசைக்கடியில் புகுந்தார்கள். பள்ளிகளில் சொல்லித்தரும் பாதுகாப்புமுறை அதுதான். ஆயிரம் அறிவுரைகளைவிட அந்தக் காட்சி பயனுள்ளது என்பேன்.

2025 ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸ், அல்டடீனா பகுதிகளில் பெருந்தீ பரவியபோது நிலையம் மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு நாள்கணக்கில் நேரலையில் இருந்தது. பல நிலையங்களின் பரப்புகோபுரங்கள் நிற்கும் மவுண்ட் வில்சனையும் அல்டடீனா பக்கத்துத் தீ நெருங்கியது, கோபுரங்கள் தப்பின. பாலிசேட்ஸ் சாலையில் மக்கள் கார்களை விட்டுவிட்டு நடந்து தப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேடிஎல்ஏ செய்தியாளர் பேட்டி கண்டவர்களில் ஒருவர் நடிகர் ஸ்டீவ் குட்டன்பெர்க்.  காரை விட்டுச் செல்பவர்கள் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் வண்டிகளை நகர்த்தித் தீயணைப்பு ஊர்திகளுக்கு வழிவிட முடியும் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார்.