அறுவைச் சிகிச்சைக் கைக் கிருமிநீக்கச் சோதனை (ஜெர்மனி)

அறுவை மருத்துவர் கையுறை அணியும் முன் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவம் கைக்கிருமிகளை எவ்வளவு குறைக்கிறது என்பதை மனிதக் கைகளிலேயே அளந்தறியும் முறை. இதன் வரலாற்றில் ஜெர்மன் மருத்துவர்களுக்கும் நுண்ணுயிரியலாளர்களுக்கும் பெரும் பங்குண்டு.

தொடக்கத்தில் ஆல்கஹாலுக்கு மதிப்பில்லை. ஆந்த்ராக்ஸ் வித்துகள் ஆல்கஹாலில் ஊறியும் சாகவில்லை என்று 1881இல் ராபர்ட் கோக் எழுதினார். அது சரியான கண்டுபிடிப்புதான். ஆனால் தோலில் குடியிருப்பவை பெரும்பாலும் வித்து உண்டாக்காத பாக்டீரியாக்கள். அவற்றை ஆல்கஹால் விரைவில் கொன்றுவிடும். 1888இல் பால் ஃபூர்பிரிங்கர் வகுத்த முறையில் சோப்புக்கும் பாதரசக் குளோரைடுக்கும் இடைப்பட்ட படியாக ஆல்கஹால் நுழைந்தது. அடுத்த பத்தாண்டில் மார்புர்கின் மகப்பேறு மருத்துவர் ஃபிரீட்ரிக் ஆல்ஃபெல்ட் வெந்நீரும் ஆல்கஹாலுமே போதும் என்று வாதாடினார். 1965இல் ஹாம்பர்கின் போடே நிறுவனம், இதய அறுவை மருத்துவர் பேட்டர் கால்மாருடன் சேர்ந்து ஸ்டெரிலியம் என்ற ஆல்கஹால் கைத்தேய்ப்புத் திரவத்தைக் கொண்டுவந்தது. நம்மூர் மருத்துவமனைகளில் சுவரோரம் மாட்டியிருக்கும் அதே பெயர்தான்.

திரவங்கள் பெருகியதும் எதை நம்புவது என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மன் சுகாதார, நுண்ணுயிரியல் சங்கம் சோதனை நெறிகளை வகுத்து, தேறியவற்றின் பட்டியலை வெளியிட்டது. இன்று அப்பட்டியல் பயன்முறைச் சுகாதாரக் கூட்டமைப்பிடம் (விஏஹெச்) உள்ளது. ஜெர்மன், ஆஸ்திரிய அனுபவங்களின் மேல் எழுந்ததே 2005இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை இஎன் 12791.

அதன் நடைமுறை இது. தன்னார்வலர் சோப்பால் கை கழுவித் துடைத்தபின், ஊட்டத் திரவம் உள்ள பெட்ரி தட்டில் விரல்நுனிகளை ஒரு நிமிடம் தேய்ப்பார். கையில் முதலில் இருந்த கிருமி எண்ணிக்கை இப்படிக் கிடைக்கும். பிறகு மருந்தைத் தேய்ப்பார். உடனே ஒரு கையில் மட்டும் மாதிரி எடுப்பார்கள். மறுகை மூன்று மணி நேரம் கையுறைக்குள் இருக்கும். வெப்பமும் வியர்வையும் சேர்ந்த அந்த இருட்டில் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். அறுவையின் நடுவே கையுறையில் ஓட்டை விழுந்தால் அவை நேரே காயத்துக்குள் போகும். அதனால் இந்த இரண்டாம் அளவே சோதனையின் உயிர்நாடி. மாதிரித் திரவத்தில் மருந்தை முறிக்கும் பொருளும் கலந்திருக்க வேண்டும். இல்லையேல் தட்டுக்குள்ளும் மருந்து கொன்றுகொண்டே இருந்து, பொய்யான வெற்றியைக் காட்டும்.

‘இத்தனை சதவீதம் கொல்ல வேண்டும்’ என்ற எல்லை இதில் இல்லை. அதற்குப் பதிலாக, ஒப்பீட்டுக்காக அதே ஆட்கள் வேறொரு நாளில் 60 சதவீத என்-புரோப்பனால் என்ற ஆல்கஹாலை மூன்று நிமிடம் தேய்ப்பார்கள். புதிய மருந்து உடனடி விளைவிலும் மூன்று மணி நேர விளைவிலும் அதற்குக் குறையக்கூடாது. ஆளுக்கு ஆள் தோல் மாறுவதால் ஒருவரின் கையை அதே கையோடு ஒப்பிடுவதே நியாயம். இந்த முறையின் பலம் அதில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு: காயத்தில் தொற்று குறைந்ததா என்பதை இது அளப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பிரான்சில் ஆறு மருத்துவமனைகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு விடை தேடியது. 4,387 நோயாளிகளில் ஆல்கஹால் தேய்த்த பிரிவில் 2.44 சதவீதத்தினருக்கும், தூரிகையால் தேய்த்துக் கழுவிய பிரிவில் 2.48 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது.

உலக சுகாதார அமைப்பு 2009இல் பரிந்துரைத்த இரு ஆல்கஹால் கலவைகளும் இந்த ஐரோப்பியச் சோதனையில் முதலில் தேறவில்லை. ஆல்கஹால் செறிவைக் கூட்டி, கிளிசராலைப் பாதியாகக் குறைத்து, ஐந்து நிமிடம் தேய்த்தபோது தேறின.