லெ மான்ஸில் அலறிய 55-ஆம் நம்பர் கார்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது சாவகாசமாக வாசியுங்கள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து நம் குடும்பக் குழுவில் பந்தயக் கார் வீடியோ வராத வாரம் இல்லை. வடசேரிப் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், பழைய மாஸ்டா கார் ஒண்ணு ஓடுற வீடியோ பாத்தேன். இருபது வருஷமா எஞ்சின் பிரிக்கேன், இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல. அது ஏன் சார் அப்படிக் கெடந்து அலறுது?"

நான் முப்பத்திரண்டு வருஷம் எடுத்தது இயற்பியல். ஆனால் இந்தக் கேள்விக்கு இயற்பியல் பாதிப் பதில்தான் தரும். மீதி வரலாறு.

அவன் கேட்ட கார் மாஸ்டா 787பி. பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1991 ஜூனில் ஜெயித்த கார். அந்தப் பந்தயத்தின் தடம் சுமார் 13.6 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் போய்வரும் சாதாரண ரோடு. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் ஞாயிறு சாயங்காலம்தான் முடியும். ஒரு காரை ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டுவார்கள். வேகம் மட்டும் இருந்தால் போதாது, ராத்திரி முழுக்க உடையாமல் ஓடவும் வேண்டும்.

முதலில் சத்தத்தை முடித்துவிடுவோம். வயலில் தண்ணீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்தால், அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 300 வெடிப்பு, நொடிக்கு 5. அதனால்தான் 'டுக், டுக்' என்று தனித்தனியாக எண்ணிவிடலாம். பழைய அம்பாசிடர் காரில் நான்கு சிலிண்டர். 3,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 வெடிப்பு. இப்போது எண்ண முடியாது, காது அதை ஒரே உறுமலாக எடுத்துக்கொள்ளும். 787பி-யின் எஞ்சினில் பிஸ்டனே கிடையாது. நடுவில் லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுழலும். அப்படி நான்கு ரோட்டர். முக்கியத் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை வெடிக்கும். தண்டு நிமிடத்துக்கு 9,000 சுற்று, அதாவது நொடிக்கு 150. நாலால் பெருக்குங்கள், 600 வரும். அதே 9,000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு 300தான் வரும். சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம்!

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்கிறேன். நொடிக்கு 600 அதிர்வு என்பது இரண்டு கட்டை ஸட்ஜத்துக்கு மேல் ஸ்தாயியில், அதற்கும் ஒரு மயிரிழை மேலே. கிட்டத்தட்ட 700 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் அந்தச் சுருதியில் பாடினால் அதை உறுமல் என்று சொல்ல முடியுமா?

சுருதிக்கு அது காரணம். கூர்மைக்கு வேறு காரணம் உண்டு. பிஸ்டன் எஞ்சினில் புகை வெளியேறும் வால்வு மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். ரோட்டரி எஞ்சினில் வால்வே இல்லை. ரோட்டரின் முனை துவாரத்தைக் கடந்த உடனே புகை ஒரே அடியாகப் பீறிடும், பலூன் வெடிப்பதுபோல. மேலும் அதற்கு டர்போ இல்லை. அந்த வருஷம் அதோடு போட்டிபோட்ட மெர்சிடிஸ் சி11 காரில் இரண்டு டர்போ. டர்போ புகையின் சக்தியை வாங்கித் தன் விசிறியைச் சுழற்றுவதால் சத்தத்தின் முனை மழுங்கிவிடும்.

இனி வரலாறு. சுழலும் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யூ கம்பெனியில் அதன் முதல் மாதிரி 1957-ல் ஓடியது. உலகத்தில் பல கம்பெனிகள் உரிமம் வாங்கின. கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, இன்றைய மாஸ்டா.

1920-ல் தக்கை செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது அது. பிறகு மூன்று சக்கரச் சுமைவண்டி. நம் ஊர் லோடு ஆட்டோவுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு சின்னக் குன்று இருந்ததால் தொழிற்சாலை பெரும்பாலும் தப்பியது. தொழிலாளர் குடும்பங்கள் அப்படித் தப்பவில்லை. நான் வகுப்பில் ஹிரோஷிமாவை அணுப் பிளவுப் பாடத்தில் மட்டுமே சொல்லியிருக்கிறேன். அந்த ஊர் பிறகு என்ன செய்தது என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை.

1961-ல் அவர்கள் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால், ரோட்டரின் முனை உரசி உரசி அறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல். அவர்களே அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதிலேயே கிடந்தார்கள். முனையில் வைக்கும் சீலின் பொருளை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீலில் தீர்வு கிடைத்தது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷமே அதை ஜெர்மனியில் 84 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றரை நாள்! நான்காம் இடம். 'இந்த எஞ்சின் நீடிக்காது' என்று பேசியவர்களுக்கு அதைவிட என்ன பதில் சொல்வது?

லெ மான்ஸில் ஜெயிக்க இன்னும் 23 வருஷம் ஆனது. 1991-ல் ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55-ஆம் நம்பர் கார் 19-ஆவது இடத்திலிருந்து கிளம்பியது. ஓட்டுநர்கள் மூன்று பேர்: ஜெர்மனியின் ஃபோல்கர் வைட்லர், பிரிட்டனின் ஜானி ஹெர்பர்ட், பெல்ஜியத்தின் பெர்ட்ராண்ட் கஷோ. ஞாயிறு மதியம்வரை முன்னால் போனது மெர்சிடிஸ். பந்தயம் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது அது சூடேறி நின்றுவிட்டது. மாஸ்டா முன்னுக்கு வந்து கடைசிவரை விடவில்லை. மொத்தம் 362 சுற்று, 4,922 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே நாளில் இங்கிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பி டெல்லியையும் தாண்டி வருவதற்குச் சமம்.

கடைசியாக ஓட்டிய ஹெர்பர்ட், ஓட்டுநரை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தொடர்ந்து இருமுறை ஓட்டினார். காரை நிறுத்தி இறங்கியதும் உடம்பில் நீர் வற்றி மயங்கிவிட்டார். வெற்றி மேடையில் மற்ற இருவர்தான் நின்றார்கள். இருபது வருஷம் கழித்து, 2011-ல், அதே காரை லெ மான்ஸுக்குக் கொண்டுவந்து ஹெர்பர்ட்டை ஓட்டவைத்து, அந்த மேடையிலும் ஏற்றினார்கள்.

இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது: மாஸ்டா ஜெயித்ததால் பொறாமைப்பட்டு ரோட்டரி எஞ்சினைத் தடைசெய்துவிட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அல்ல. எல்லாக் காருக்கும் 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் என்ற விதி அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. 1991 அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு, அது அவர்களுக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1,000 கிலோ எடையோடு ஓட, மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று விதியில் இடம் இருந்தது. அந்தச் சலுகையைப் பேசி வாங்கிக்கொண்டார்கள். வெற்றியில் அதற்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

'நம்ம ஊர்க்காரங்க யாரும் இதுல இல்லையா' என்று கேட்பீர்கள். 24 மணி நேரப் பந்தயம் நமக்குப் புதிது. ஆனால் மோட்டார் பந்தயம் பழையது. 1953-ல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப் போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடத்தியது. 1977-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஓடிய கார்கள் சென்னை வரை ரோட்டில் வந்து, துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கு போயின. ஜெயித்தது ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய மெர்சிடிஸ். லெ மான்ஸில் முதலில் ஓடிய இந்தியர் சென்னையின் கருண் சந்தோக், 2012-ல், ஆறாம் இடம்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே கோவையின் நரேன் கார்த்திகேயன் ஓடியிருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த ஆடி ஆர்10 டீசல் கார். 1938-ல் திருவனந்தபுரத்திலிருந்து நம் பக்கம் ஓடத் தொடங்கிய திருவிதாங்கூர் அரசு பஸ்ஸிலும் டீசல் எஞ்சின்தான், ஆனால் இது வேறு சாதி. 12 சிலிண்டர், இரண்டு டர்போ, 2006 முதல் தொடர்ந்து மூன்று வருஷம் லெ மான்ஸ் வெற்றி. அதன் பெரிய புதுமையே சத்தமின்மை. வேகமாகப் போகும்போது ஓட்டுநருக்குக் காற்றின் சத்தம்தான் கேட்கும், எஞ்சின் கேட்காது. கியர் மாற்ற விளக்கைப் பார்க்க வேண்டும். 2009-ல் பந்தயம் தொடங்கவிருந்த வேளையில் பிட் சுவரிலிருந்து குதித்தபோது விழுந்து நரேனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. கூட ஓட்டவிருந்த இருவரே 24 மணி நேரமும் ஓட்டி ஏழாம் இடம் வாங்கினார்கள். உட்கார்ந்து பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

சத்தம் பெரிதானால் சக்தியும் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் ஆடி கதையை இவ்வளவு சொன்னேன். ஒர்க்ஷாப் மாணவன் சொல்கிறான், வாரம் நாலு பேர் பைக் சைலன்சரில் டிபி கில்லரைக் கழற்றச் சொல்லி வருகிறார்களாம். அவர்களில் ஒருவன் நம் சொந்தக்காரப் பையன், பெயர் சொல்லவில்லை, இதை வாசிப்பான். தம்பி, 787பி-யின் அலறல் யாரும் ஒட்டவைத்தது இல்லை. அந்த எஞ்சின் வேலைசெய்யும் விதத்திலேயே அது இருந்தது. நீ கழற்றினால் வெடிப்பின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது.

காதுக்கு விலை உண்டு என்பதை குளச்சல், முட்டம் பக்கத்து மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்த அப்பாக்களிடம் நீங்கள் எத்தனை உரக்கப் பேசுகிறீர்கள்? மேலே எழுதிய மூன்று ஓட்டுநர்களில் ஃபோல்கர் வைட்லர், லெ மான்ஸை ஜெயித்த அடுத்த வருஷமே பந்தயத்தை விட்டார். வயது முப்பதுதான். ஓய்வில்லாத காது இரைச்சல். எந்தக் காரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் ஓட்டியவை எல்லாமே சத்தமான கார்கள்.

55-ஆம் நம்பர் கார் இப்போது ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானில் வேலைபார்க்கும் மாணவர்கள் யாராவது போனால் ஒரு படம் அனுப்புங்கள். மற்றவர்கள் 2011-ல் ஹெர்பர்ட் ஓட்டிய வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஹெட்போனில் கேட்பதானால் ஒலியைக் குறைத்துவைத்துக் கேளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு: புல்லட், ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 960 சுற்று என்று வைப்போம். நொடிக்கு எத்தனை வெடிப்பு? விடையைக் கீழே எழுதுங்கள். பார்த்து எழுதக் கூடாது.